ஆற்றில் கூப்பிட ஒரு பெயர்

புருசெத், ஒஸ்லோ
ஆகஸ்ட் 4

செல்வமலர்,

நீர் எனக்குச் செய்தது பிழை. சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே எழுதுகிறேன். நாற்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுசனிடம், "பேரித்தோடை கொஞ்ச நாள் மலைப்பக்கம் போட்டு வாறன், கறி குளிர்ப்பெட்டியிலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த நோர்வேச் சிநேகிதியோடு ஐஸ்லாந்துக்கு விமானம் ஏறியது பிழை. மலைப்பக்கம் என்றால் நோர்வேயில் இருக்கிறவன் நோர்வே மலையைத்தான் நினைப்பான். வேறு நாட்டு எரிமலையை நினைக்க மாட்டான். அங்கே குதிரையில் ஏறி ஒரு கிழமை போகப் போகிறீர் என்று கனவிலும் நினைக்க மாட்டான். அதுவும் அறுபத்து நான்கு வயதில். அதுவும் உம்முடைய இடுப்பெலும்பு மெலிந்துவிட்டது என்று மார்ச் மாதம் வைத்தியர் படம் காட்டிச் சொன்ன பிறகு.

இதை எனக்குச் சொன்னது நீர் அல்ல. நேற்றுப் பூசை முடிந்து வெளியே வர, ராசமலர் ஓடி வந்தா. "அண்ணை, மலரக்கா குதிரைக்காரியாயிட்டாவாம்! பேரித் படம் அனுப்பினவ. நல்ல துணிச்சல்தான்." நான் முகத்தை மாற்றாமல், "புதன்கிழமைச் செபமாலையிலை உங்களுக்குச் சொல்லியிருப்பா" என்றேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "செபமாலைக்கோ? மலரக்கா அந்தப் பக்கம் வந்து ரெண்டு வருசம் அண்ணை."

மழை இல்லை. இருந்தும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பஸ்தரிப்புவரை நடந்தேன். எவரும் என்னுடைய முகத்தைப் பார்க்கக் கூடாது என்று.

இப்போது எல்லாம் விளங்குகிறது. புதன்கிழமைகளில் உம்முடைய கோட்டில் வந்த மணம் மெழுகுதிரி மணம் அல்ல. போன கிழமை குளியலறையில் சப்பாத்தை மருந்து போட்டுக் கழுவினீர். நிலக்கீழ் அறையில் பூஞ்சணம் என்றீர். பாவித்த சப்பாத்தைக் கிருமி நீக்காமல் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், குதிரைகளுக்கு நோய் வரும் என்று நூலகத்துப் புத்தகத்தில் வாசித்தேன். குதிரைக்கு நோய் வரக்கூடாது என்று இவ்வளவு பார்த்த நீர், எனக்கு நெஞ்சு நோகும் என்று பார்க்கவில்லை.

தொலைபேசியில் நான் கதைக்க மாட்டேன். நீர் இடையில் வெட்டிவிடுவீர். கடிதத்தை வெட்ட முடியாது. உம்முடைய மகள் நிலூஜா குரோருட்டிலிருந்து பின்னேரத்தில் வந்து இதைப் படம் பிடித்து உம்முடைய ஃபோனுக்கு அனுப்புவாள். (நிலூஜா, வாசிக்காமல் அனுப்பு.)

சவாரி ஏழாம் தேதிதான் தொடங்குகிறதாம். அதற்கு முதல் திரும்பி வாரும்.

பிலேந்திரன்


ஐஸ்லாந்து, பண்ணை வீடு
ஆகஸ்ட் 5

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஃபோனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். உங்கள் கையெழுத்து இன்னும் அப்படியே நிமிர்ந்துதான் நிற்கிறது. நானும் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பொய் சொன்னேன். அது பிழைதான். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கோ. நீச்சல் பழகப் போகிறேன் என்றபோது என்ன நடந்தது? கார் ஓடப் பழகுகிறேன் என்றபோது? நீங்கள் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்வதில்லை. "யோசிப்பம்" என்பீங்கள். நீங்கள் யோசித்து முடிக்க எனக்கு அறுபத்து நாலு வயதாகிவிட்டது.

வைத்தியரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்கள். அவர் என்னிடம்தான் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் பதில் சொன்னீங்கள். இருபத்தாறு வருடம் சிறுவர் காப்பகத்தில் நோர்வேப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் நான். எனக்கா மொழி தெரியாது?

பிறகு ஒருநாள் தனியப் போய் அவரிடமே கேட்டேன். "மருந்தை எடுங்கோ, அமைதியான குதிரையில் ஏறுங்கோ, விழுந்தால்தான் ஆபத்து, முடிவு உங்களுடையது" என்றார். முடிவு என்னுடையது என்று எனக்கு யாரும் சொன்னது அதுதான் முதல் தரம்.

நெடுந்தீவில் பிறந்து, குதிரைகள் வெட்டையில் திரிவதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள் நான். பொம்பிளைப் பிள்ளைகள் கிட்டப் போகக் கூடாது. அவ்வளவுதான் கதை. அதைப் பெரிதுபடுத்த மாட்டேன்.

இங்கே எங்களை நடத்திப் போகிறவ சிக்ருன் என்ற ஒரு பொம்பிளை. கடுமையான ஆள், உங்களைப்போல. மொத்தம் எட்டுப் பேர் போகிறோம். பேரித் எனக்குப் பக்கத்துக் கட்டில். பயப்படாதேங்கோ.

கறியைச் சூடாக்கும்போது மூடிவையுங்கோ.

மலர்


புருசெத்
ஆகஸ்ட் 6

செல்வமலர்,

"பயப்படாதேங்கோ" என்று எழுதுவது சுகம். மூன்று புத்தகம் எடுத்து வந்து வாசித்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன்தான். ஆனால் நோர்வே மொழியை அகராதியை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தவன் நான், பஸ் இயந்திரத்தை அவர்களுடைய புத்தகத்தை வாசித்துக் கழற்றிப் பூட்டினவன். வாசித்தால் எனக்கு விளங்கும்.

நீங்கள் போகும் பாதைக்குப் பக்கத்தில் எக்லா என்று ஒரு எரிமலை இருக்கிறது. மற்ற மலைகள் நாட்கணக்கில் குலுங்கி அறிவிப்புத் தரும். இது ஒரு மணித்தியாலம்கூடத் தராமல் வெடித்திருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் ஒரு குதிரை எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்த்தேன். அது போதாது. அடுத்தது ஆறுகள். பனிமலையிலிருந்து வருகிறவை. காலையில் முழங்கால், வெயில் ஏறப் பனி உருகி, பின்னேரம் இடுப்பு. பாலமே இல்லாத ஆறுகள்.

நிலூஜாவிடம் காட்டினேன். "அப்பா, ஸ்லாப் ஆவ்" என்றாள். ஆறுதலாக இருங்கோ என்பதற்கு அவளுடைய சொல். நான் இருக்க மாட்டேன். நீர் அங்கே இருக்கும்போது இங்கே ஒருவன் ஆறுதல் இல்லாமல் இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் யார் கவனிக்கிறது?

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அந்த நாட்டுக் குதிரையை ஒருதரம் வெளியே அனுப்பினால் பிறகு ஒருநாளும் உள்ளே எடுக்க மாட்டார்களாம். எவ்வளவு நல்ல குதிரையானாலும். இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். நீர் குதிரை இல்லை, செல்வமலர். உமக்குத் திரும்பி வர வழி இருக்கிறது. நாளைக் காலையில் ஏறாமல் விட்டால் போதும்.

பிலேந்திரன்


மலைக் குடில்
ஆகஸ்ட் 8

இஞ்சாருங்கோ,

ஏறிவிட்டேன். இரண்டு நாள் முடிந்துவிட்டது. இந்தக் குடிலுக்குப் பின்னால் ஒரு மேட்டில் நின்றால்தான் ஃபோன் எடுக்கும். பேரித் அங்கே நின்று கையை ஆட்டுகிறா.

எப்படிச் சொல்வது? முதல் நாள் முழுவதும் கறுப்பு மணல். ஒரு மரம் இல்லை, ஒரு பறவை இல்லை. பல்லுக்குள் சாம்பல் கடிபடுகிறது. முன்னால் ஆள் ஏறாத குதிரைகள் கூட்டமாக ஓட, நாங்கள் பின்னால். ஒரு குதிரை களைத்தால் கூட்டத்திலிருந்து இன்னொன்றைப் பிடித்து மாறுவோம். இன்று குன்றுகள் வந்தன. மஞ்சள், பச்சை, செங்கல் நிறம். என்னுடைய கறிச்சரக்குத் தட்டை யாரோ கொட்டிவிட்டு ஓடியதுபோல. பாறை வெடிப்புகளில் ஆவி வருகிறது. பின்னேரம் சுடுதண்ணீர் ஓடையில் காலை வைத்துக்கொண்டு இருந்தோம். உங்கள் முழங்காலுக்கு நல்லது என்று நினைத்தேன்.

இனி ஒரு வேடிக்கை. சிக்ருன் முதல் நாள் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டா. என்னுடைய முறை வந்ததும், "பிலேந்திரன்!" என்றா.

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மையாக. நீங்கள் பின்னால் வந்து நிற்கிறீங்கள் என்று நினைத்து நெஞ்சு திடுக்கென்றது.

கடவுச்சீட்டில் என்னுடைய பெயருக்குப் பின்னால் உங்கள் பெயர் இருக்கிறதே, எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இருப்பதுபோல. அவவுக்கு எது முன், எது பின் என்று தெரியவில்லை. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் குதிரை நடக்கத் தொடங்கிவிட்டது. இப்போது எல்லோருக்கும் நான் பிலேந்திரன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. நாற்பத்தொரு வருடத்தில் இந்தப் பெயரை வாயால் சொன்னதுமில்லை, தாளில் எழுதினதுமில்லை.

நேற்று முதல் ஆறு. நடு ஆற்றில் பெர்லா, என்னுடைய குதிரை, நின்றுவிட்டது. தண்ணீர் பாய்வதைப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. கரை ஓடுகிறதா, நான் ஓடுகிறேனா தெரியவில்லை. கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துவிட்டேன். அப்போது சிக்ருன் கத்தினா: "பிலேந்திரன்! தண்ணியைப் பாக்காதை, அக்கரையைப் பார்! பிலேந்திரன், கையைத் தளர்த்து!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிலேந்திரனுக்குக் கையைத் தளர்த்து என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறா! சிரித்ததில் கை தானாகத் தளர்ந்தது. பெர்லா நடந்தது.

நாளையிலிருந்து சிக்னல் இராதாம். யோசிக்காதேங்கோ.

மலர்


புருசெத்
ஆகஸ்ட் 9

செல்வமலர்,

எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை.

அந்தப் பொம்பிளையிடம் போய் உடனே பெயரைத் திருத்தச் சொல்லும். நான் அங்கே இல்லை. நான் குதிரையில் ஏறவில்லை. ஆற்றுக்குள் நின்று முழிக்கவில்லை. பஸ் கராஜில் முப்பது வருடம் என்னுடைய பெயரைச் சொல்லி ஒருவரும் கத்தினது கிடையாது. என்னுடைய பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தி வெளிநாட்டு மலையில் கட்டளை போடுகிறதும், நீர் அதைக் கேட்டுச் சிரிக்கிறதும் எனக்குப் பிடிக்கவில்லை.

நடு ஆற்றில் குதிரை நின்றது என்பதை இப்படிப் போகிற போக்கில் எழுதுகிறீர். நின்ற குதிரை படுக்கவும் கூடும். உம்முடைய இடுப்பு ஒரு கல்லில் பட்டால் போதும். படத்தில் நானும் பார்த்தேனே, அந்த எலும்பு கறையான் அரித்த பலகைபோல இருந்தது.

அங்கே வாகனம் ஏதாவது வந்தால் அதில் ஏறி வாரும்.

பிலேந்திரன்


புருசெத்
ஆகஸ்ட் 11

செல்வமலர்,

பதில் இல்லை. சிக்னல் இராது என்று சொன்னீர், சொன்னதுதான். நான் தொலைபேசி எடுக்கவில்லை. நிலூஜா எடுத்தாள். அவள் எடுத்து முடித்த பிறகு அவளுடைய கையிலிருந்து வாங்கி நானும் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தேன். ஒரு பொம்பிளைக் குரல் இங்கிலீசில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

வீட்டில் இருக்க முடியவில்லை. இன்று காலை பஸ் ஏறி, நீர் பழகிய குதிரைப் பண்ணைக்குப் போனேன். ராசமலர்தான் வழி சொன்னா. போனது ஒன்றைத் தெரிந்துகொள்ள: நீர் குதிரை நன்றாக ஓடுவீரா, ஓடமாட்டீரா. அங்கிருந்த ஆள் நல்ல மனுசன். கோப்பி தந்தார். "உங்கட மனுசி நல்லாய் ஓடுவா. ரெண்டு தரம் விழுந்தவதான், ஆனால் உடனை எழும்பி ஏறினவ" என்றார்.

இரண்டு தரம்.

இரண்டாவது எப்போது என்று கேட்டேன். மாசி மாதம் என்றார். மாசி மாதம் நீர் நொண்டிக்கொண்டு வந்து, பனியில் சறுக்கினேன் என்றீர். அந்த நோவுக்குத்தான் வைத்தியரிடம் போனோம். அவர் எப்படி விழுந்தது என்று கேட்க, ஐசில் சறுக்கி விழுந்தவ என்று நான் சொன்னேன். நான்! என்னுடைய வாயால் ஒரு வைத்தியருக்குப் பொய் சொல்ல வைத்தீர். அவர் அந்தப் பொய்யை வைத்துத்தானே மருந்து எழுதினார்?

இதற்கு எனக்குப் பதில் வேண்டும். அதற்கு நீர் முழுசாக இருக்க வேண்டும்.

இன்றைக்கு வானொலியில் ஐஸ்லாந்து என்ற சொல் வந்தது. எழும்பி நின்றுவிட்டேன். மீன் விலையைப் பற்றியது.

பிலேந்திரன்


மலைக் குடில்
ஆகஸ்ட் 12

இஞ்சாருங்கோ,

இரண்டு கடிதமும் ஒன்றாக வந்து விழுந்தன. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஒன்றும் இல்லை. இனி மற்றதை வாசியுங்கோ.

பேரித் விழுந்துவிட்டா. நேற்றுப் பின்னேரம், எரிமலைக் கல் உருண்டு கிடந்த சரிவில் குதிரை கால் இடறி, அவ முன்பக்கமாகப் போனா. தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. அவ கத்தவில்லை. நான்தான் கத்தினேன். வண்டி வர இன்று காலையாகிவிட்டது. இரவு அவவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். "மலர், நீயும் என்னோடை வா" என்றா.

வண்டியில் எனக்கும் இடம் இருந்தது. சிக்ருன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பிலேந்திரன், என்ன செய்யப் போறாய்? உன்ரை முடிவு" என்றா. உங்களுடைய "வாகனம் ஏதாவது வந்தால் ஏறி வாரும்" ஃபோனில் திறந்தபடி இருந்தது. பேரித்தோடு போக வேறு ஒருவர் இருந்தார்.

நான் ஏறவில்லை.

துணிச்சலில் இல்லை. பயத்தில் இன்னும் கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் இந்தத் தடவை ஏறிவிட்டால், இனி ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு வண்டியின் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள், நானும் ஏறிக்கொண்டே இருப்பேன் என்று தோன்றியது.

ஐசில் சறுக்கினேன் என்று உங்களுக்குச் சொன்னது பொய்தான். ஆனால் வைத்தியருக்கு உண்மையைச் சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். வாயும் திறந்தேன். நீங்கள் முந்திவிட்டீங்கள். பிறகு தனியப் போனபோது முதலில் சொன்னது அதைத்தான். அவர் மருந்தை மாற்றித்தான் தந்தார். அந்தக் கணக்கில் உங்களுக்குப் பாவம் இல்லை.

நாளைக்குக் கடைசி நாள். சொன்னால் கோபிப்பீங்கள், சொல்லாவிட்டால் பொய்யாகும். நாளைக் காலை எட்டு மணிக்குப் பெரிய ஆறு. இதுவரை கடந்தவை எல்லாம் அதற்குப் பக்கத்தில் வாய்க்கால் என்கிறார்கள். இரண்டு நாளாக நல்ல வெயில். தண்ணீர் கூடியிருக்கிறது. இந்தக் குடிலில் இருந்தே சத்தம் கேட்கிறது.

பக்கத்தில் பேரித் இல்லை. நாளைக் காலை நான் குதிரையில் ஏறுவதற்கு முதல் ஒரு கடிதம் அனுப்புங்கோ. பிழை என்று எழுதாமல், வேறு எதையாவது எழுதுங்கோ. குளிர்ப்பெட்டியில் என்ன மிச்சம் என்றாவது எழுதுங்கோ.

பெயர் விசயம். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் இன்றைக்கே சிக்ருனிடம் சொல்லி மாற்றிவிடுகிறேன். எல்லோரும் மலர் என்று கூப்பிடுவார்கள். ஒரு வார்த்தை எழுதுங்கோ, காணும்.

மலர்


புருசெத்
ஆகஸ்ட் 12, பின்னேரம்

செல்வமலர்,

பிழை பிழைதான். ஒரு எழுத்தையும் நான் திரும்ப எடுக்கவில்லை. வண்டியில் ஏறாததும் பிழை. ஆனால் இன்றைக்கு அதை எழுதினால் உம்முடைய கை இன்னும் நடுங்கும். ஆகையால் அதை விமான நிலையத்தில் சொல்லுகிறேன்.

குளிர்ப்பெட்டியில் மிச்சம் ஒன்றும் இல்லை. நேற்றிலிருந்து பாணும் சம்பலும். சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டது.

இனி ஆக வேண்டிய வேலைகள். இதைத் தாளில் பார்த்து எழுதி எடுத்துக்கொள்ளும். ஃபோன் நனைந்தால் பயனில்லை.

சிக்ருன் செய்ய வேண்டியது: எட்டு மணிவரை காத்திருக்கக் கூடாது. வெயில் ஏறுமுன், தண்ணீர் குறைவான நேரத்தில் இறங்க வேண்டும். அவவுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் கேட்டதாகச் சொல்லும். இறங்கும்போது அவ உமக்கு ஆற்றின் கீழ்ப்பக்கமாக வர வேண்டும், மேல்பக்கமாக அல்ல. ஆள் தவறினால் தண்ணீர் கொண்டுபோவது கீழேதான்.

நீர் செய்ய வேண்டியது: காலையில் மருந்து. வெறுவயிற்றில் ஏறக் கூடாது. கால் முழுவதையும் சேணத்து வளையத்துக்குள் விடாமல் நுனியை மட்டும் வையும், விழுந்தால் கழன்று வரட்டும். ஒரு கையால் பிடரி மயிரைப் பிடியும். தண்ணீரைப் பார்க்க வேண்டாம். அக்கரையில் ஒரு கல்லைப் பார்த்துக்கொள்ளும், அது போதும். கரை ஏறினதும் எதையும் கழற்றுமுன், சிக்னல் வரும் இடத்துக்குப் போய் ஒரு சொல் அனுப்பும். "ஓம்" என்று அனுப்பினால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

நிலூஜா செய்ய வேண்டியது: இதை இப்போதே அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகாமல் இங்கேயே படுக்க வேண்டும். அவளுடைய ஃபோன் மேசையில், சத்தத்தோடு, என் பக்கமாக இருக்க வேண்டும். ஸ்லாப் ஆவ் என்று சொல்லக் கூடாது.

ராசமலர் செய்ய வேண்டியது: நாளை புதன்கிழமை. செபமாலை பின்னேரத்தில் என்றால் யாருக்கு என்ன பயன்? அதைக் காலைக்கு மாற்ற வேண்டும். சற்று முன்னர் அவவிடம் சொல்லிவிட்டேன். "அண்ணை, எல்லாரும் வேலைக்குப் போற நேரம்" என்றா. "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் காணும்" என்றேன்.

நான் செய்ய வேண்டியது: அந்தச் செபமாலைக்குப் போவது. இரண்டு வருடமாக அந்தக் கோயில் வாங்கில் உம்முடைய இடம் வெறுமையாகத்தான் இருந்ததாம். நாளைக்கு அதில் நான் இருப்பேன். பிறகு வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு வருவது. உம்முடைய பையைத் தூக்குவது. அங்கிருந்தே சண்டையைத் தொடங்குவது.

அந்தப் பெயரை யாரும் திருத்த வேண்டாம். ஆற்றுக்குள் கூப்பிட அது இருக்கட்டும். அந்தப் பொம்பிளை சத்தமாகக் கூப்பிட வேண்டும், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால். கேட்டதும், நீர் கையைத் தளர்த்த வேண்டும்.

பிலேந்திரன்